ஆளு வேகம், கல்லு வேகம்

டக்ளஸண்ணன் வீட்டை விட்டுக் கெளம்புறாருன்னா ஊரிகம் லைன் வீடுங்க அத்தனைக்கும் தெரிஞ்சுடும். பூட்டைப் பூட்டுவாரு, இழுத்துப் பாப்பாரு. நாலு எட்டு போயி திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பாப்பாரு. "பூட்டு கழண்டு கையோட வரப் போவுது பாருங்க, அப்பால வீடு தெறந்தே கெடக்கும்"னு அவரு சம்சாரம் பியாட்ரிஸ் அக்கா உள்ள இருந்தே கத்தும். ஆமா, உள்ள இருந்தே. ஒரு தடவை அக்காவை உள்ள வச்சே பூட்டிட்டாரு மனுஷன்.

ரெண்டாயிரத்தி ஒண்ணு ஜூன் மாசம், ஒரு சனிக்கிழமை காலையில அந்தப் பூட்டை ஏழு தடவை இழுத்தாரு. காரணம் இருந்துது. பத்தரை மணிக்குள்ள ஒரு பழைய அமெரிக்கா காரை ஓட்டிட்டுப் போயி பெங்களூர்ல ஒரு கல்யாண மண்டபத்து வாசல்ல நிறுத்தணும். நிறுத்தினா அவருக்கு வேலை. நிறுத்தலன்னா மறுபடியும் லைன் வீட்டு வாசல்ல உக்காந்து பேப்பர்ல வரன் பக்கம் வரைக்கும் படிக்கிற வேலை.

எங்க கோலார் தங்க மைன்ஸை மார்ச்சுல மூடிட்டாங்க. அது வரைக்கும் இருபத்திரெண்டு வருஷம் டக்ளஸண்ணன் வைண்டிங் டிரைவரு. அதாவது, ஆளுங்களும் கல்லும் ஷாஃப்டுங்கிற கெணத்துக்குள்ள ஏறி எறங்குற கேஜு, இரும்புக் கூண்டு, இருக்கே, அதைக் கயித்துல கட்டி மேல இழுக்குற எஞ்சினை ஓட்டுறவரு. எஞ்சின் ரூம்ல ஒரு நாற்காலி, கையில ஒரு லீவர், எதிர்ல ஒரு பெரிய டயலு. கேஜ்ல யாரு இருக்கான்னு அவரு கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத்தான் தெரியும். கீழ இருந்து பெல்மேன் மூணு பெல் அடிச்சா ஆளுங்க ஏறுறாங்கன்னு அர்த்தம். அப்பால ஒரு பெல் அடிச்சா, தூக்கு. மூணு அடிச்ச பெறகு வந்தா ஆளு வேகம். மூணு அடிக்காம ஒத்தை பெல் மட்டும் வந்தா உள்ள இருக்கிறது கல்லு. கல்லுக்கு ரெட்டை வேகம். கல்லு வாந்தி எடுக்காது பாருங்க.

டக்ளஸண்ணனோட ஆளு வேகம் ஊருக்கே பேரு போனது. கேஜ்ல டீ கிளாஸை வச்சுகினு ஏறினா மேல வந்து குடிக்கலாம்பாங்க. டயலு கண்ணாடி மேல சாக்பீஸால கோடு போட்டு வச்சிருப்பாரு. முள்ளு அந்தக் கோட்டைத் தாண்டுச்சோ, அவருக்கு நெஞ்சு அடைக்கும்.

அந்த பயத்துக்கும் ஒரு கதை கீது. வேலைக்குச் சேர்ந்த மொத வருஷம், புதுசா வந்த பெல்மேன் ஒருத்தன் மூணு பெல்லை அடிக்க மறந்துட்டான். ஒத்தை பெல் வந்துது. கல்லுன்னு நெனச்சு டக்ளஸண்ணன் லீவரை முழுசா தள்ளிட்டாரு. மேல வந்து கதவைத் தெறந்தா பதினஞ்சு ஆளு! ஒருத்தர் உக்காந்துட்டாரு, ரெண்டு பேரு வாந்தி, ஒருத்தர் தலையில இருந்த ஹெல்மெட்டைக் கையில புடிச்சுகினு "என் ஹெல்மெட் எங்கடா?"ன்னு தேடுறாரு. யாருக்கும் ஒரு கீறல் இல்ல. ஆனா டக்ளஸண்ணன் ஒரு வாரம் சோறு திங்கல. ஹெல்மெட் தேடினவரு பேரு ஞானதாஸ். தன்னை அந்த வேகத்துல தூக்கினவன் மூஞ்சை ஒரு தடவை பாக்கணும்னு எஞ்சின் ரூமுக்கு ஏறி வந்தாரு. வந்து பாத்தா, நாற்காலியில ஒருத்தன் காய்ச்சல்காரன் கணக்கா நடுங்கிகினு இருக்கான். "தம்பி, இன்னா சம்பளம், இன்னா கோத்திரம்"னு கேட்டுட்டுப் போனவரு அடுத்த வருஷம் பொண்ணைக் குடுத்துட்டாரு. அந்தப் பொண்ணுதான் பியாட்ரிஸ் அக்கா.

சரி, காருக்கு வருவோம். பழைய மைன்ஸ் டாக்டரோட சம்சாரம், ஊரிகம் பங்களா டாக்டரம்மாகிட்ட ஐம்பத்துநாலு மாடல் டாட்ஜ் ஒண்ணு இருந்துது. பச்சை கலரு, பொண்ணு வீட்டு அண்டா கணக்கா மூக்கு. எட்டு வருஷமா ஞாயித்துக்கிழமை அந்தம்மாவைச் சர்ச்சுக்கு ஓட்டிகினு போனது டக்ளஸண்ணன்தான். பங்களாவுல இருந்து சர்ச்சு, சர்ச்சுல இருந்து பங்களா. நடந்து போறவங்க முந்திகினு போவாங்க. டாக்டரம்மா மகன் வீட்டுக்குப் போறப்போ வண்டியைப் பெங்களூர் ராஜப்பாவுக்குக் குடுத்துட்டாங்க. ராஜப்பா கல்யாண மண்டபம் வச்சிருக்கிறவரு. மாப்ள பொண்ணை ஏத்திகினு போக அமெரிக்கா காருங்களா வாங்கி வரிசையா நிறுத்தி வச்சிருக்காரு. மெக்கானிக் வேலு மூணு மாசம் அதைக் கொட்டாயில போட்டுக் கழட்டி மாட்டினான். வேலு டக்ளஸண்ணனோட செட்டு, மைன்ஸ் கராஜ்ல இருந்தவன், வாயி மட்டும் ஓவர்டைம் பாக்கும்.

ராஜப்பா போன்ல சொன்னது இதுதான். கன்னடத்துல பாதி, தமிழ்ல பாதி: "நோடப்பா டக்ளஸ், பத்தரைக்கு முகூர்த்தம் முடிஞ்சு ஜோடி வெளிய வருது. நம்ம வண்டி வாசல்ல நிக்க வேணும். லாரியில ஏத்தி கட்டி இழுத்து, அதெல்லாம் பேடா. அதோட கால்லயே ஓடி வரணும். வந்தா, என் நாலு வண்டிக்கும் நீதான் டிரைவர். வரல்லேன்னா, பேரே டிரைவர் இத்தானே."

இருக்கானாம் வேற டிரைவர். அந்த ஒரு வார்த்தையை டக்ளஸண்ணன் மூணு நாளா பியாட்ரிஸ் அக்காகிட்ட சொல்லிகினே இருந்தாரு.

ஆறே முக்காலுக்குக் கெளம்பினாங்க. முன்னாடி டக்ளஸண்ணனும் பியாட்ரிஸ் அக்காவும். பின்னாடி வேலுவும் நாலு கேன் தண்ணியும். சீட்ல உக்காந்ததும் டக்ளஸண்ணன் பாக்கெட்ல இருந்து சாக்பீஸை எடுத்தாரு. ஸ்பீடாமீட்டர் கண்ணாடி மேல, இருபத்தஞ்சு மைலுக்கு நேரா ஒரு கோடு போட்டாரு. அந்த வண்டியில எல்லாம் மைல் கணக்கு.

"இது இன்னாடா கோடு?"ன்னான் வேலு.

"ஆளு வேகம். வண்டியில ஆளு கீது இல்ல."

"எந்த ஆளு, நானா? மச்சான், மரியாதைக்கு நன்றி. ஆனா இதே வேகத்துல போனா பொண்ணு மாப்ள இல்ல, அவங்க புள்ளைக்குக் காது குத்துறப்போதான் போய்ச் சேருவோம்."

டக்ளஸண்ணன் ஸ்டீயரிங் பக்கத்துல இருக்கிற கியர் கம்பியை ரெண்டாவதுல போட்டாரு. அதுலயே உட்டாரு. டாப் கியருக்குப் போனா வண்டி தன்னால இழுக்குதுன்னு அவருக்கு பயம். ரெண்டாவதுல அது ஊஊஊன்னு ஒப்பாரி வைக்கும், ஆனா கைக்குள்ள இருக்கும்.

பங்காருப்பேட்டை ரயில்வே கேட்டுல நிக்கிறப்போ மாரிகுப்பத்துல இருந்து வர்ற வண்டி தாண்டிப் போச்சு. முழுக்க பெங்களூர் வேலைக்குப் போற நம்ம ஊரு ஆளுங்க. வாசப்படியில தொங்கினவன் ஒருத்தன் கத்துறான்: "இன்னா டக்ளஸண்ணா, ஊர்வலமா? மாப்ளைய எங்க காணோம்?" இன்னொருத்தன்: "வண்டியை உட்டுட்டு ஏறிக்கண்ணா, சீட்டு கீது!" சிரிப்பு ரயிலோடயே நீளமாப் போச்சு. டக்ளஸண்ணனால சிரிக்க முடியல. மூக்குல ஒரு வாசனை. சூடான இரும்பு, சூடான தண்ணி. வேலு எறங்கி பானட்டைத் தெறந்தா, ரேடியேட்டரு இட்லி குண்டான் மாதிரி பொகையுது.

கேட்டோரம் இருபது நிமிஷம் போச்சு. ஒரு கேன் தண்ணி போச்சு.

கோலார் தாண்டுறதுக்குள்ள மறுபடியும். இன்னொரு இருபது நிமிஷம், இன்னொரு கேன். டக்ளஸண்ணன் வாட்ச்சைப் பாத்தாரு, ஆட்டிப் பாத்தாரு, காதுல வச்சுப் பாத்தாரு. ஓடுது. ஓடாம இருந்தா தேவல போல இருந்துது அவருக்கு. சூடாவுதுன்னு இன்னும் மெதுவாப் போனாரு. இருபது மைல். மொபெட்ல முட்டை அட்டை கட்டிகினு போன ஆளு ஒருத்தன் முந்திகினு போயி, திரும்பிப் பாத்து சலாம் வேற வச்சான்.

நரசாபுரத்துல மூணாவது தடவை நின்னுது. மணி ஒன்பது பத்து. இன்னும் அம்பத்தஞ்சு கிலோமீட்டர். டக்ளஸண்ணன் ரோட்டோரம் புளியமரத்துல சாஞ்சுகினு நின்னாரு. முதுகு சட்டை நனைஞ்சு ஒட்டிகினு இருந்துது.

"வண்டி ஒத்துக்கல. போன் பூத்து எங்கன்னா இருக்குதா பாரு, ராஜப்பாவுக்குச் சொல்லிடலாம். வேற டிரைவரை அனுப்பட்டும்"னாரு. குரலு கெணத்துக்குள்ள இருந்து வந்துது.

வேலுவுக்குக் கோவம் வந்துடுச்சு. மூணு மாசம் அவன் பெத்த புள்ள அது. "வண்டி ஒத்துக்கலயா? நீ ஒத்துக்கல!" வண்டிக்குள்ள தலையை உட்டு, டேஷ்போர்டு டப்பாவுல இருந்து மடிச்ச காகிதம் ஒண்ணை எடுத்தான். டாக்டரோட மச்சான் எப்பவோ அமெரிக்காவுல இருந்து அனுப்பின ரோடு மேப்பு. மரத்தடியில கீழ விரிச்சான். "இங்க பாரு. இந்தச் செவப்புக் கோடு ரோடு. எங்கியாவது வளையுதா? ஸ்கேல் வச்சுப் போட்டாப்ல கீது. இந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் நடுவுல நூத்தி இருபது மைலு. நடுவுல ஒரு கோயிலு, ஒரு சந்தை, ஒரு ஸ்பீடு பிரேக்கர் இருக்கும்ன்ற?"

"அதுக்கு?"

"ரோடு எப்டியோ வண்டி அப்டி மச்சான். டாக்டர் கராஜ்ல வந்து உக்காந்து உக்காந்து சொல்லுவாரு. அமெரிக்காக்காரன் ஊர்ல மண்ணு ரோடு இருந்த காலத்துல வந்த வண்டிங்க முப்பது, முப்பத்தஞ்சு மைல்ல போவும். அதுக்கு மேல போனா ஆட்டம். அப்பால சிமெண்ட் ரோடு போட்டான், வண்டிங்க அம்பதுல நிம்மதியா ஓட ஆரம்பிச்சுது. அதுக்கும் அப்பால குறுக்கு ரோடே இல்லாத ராட்சச ரோடு போட்டான், எட்டு சிலிண்டர் வச்சு அறுபது எழுபதுன்னு பறக்குது. நம்முது நடுப்புள்ள. அம்பதுதான் இதுக்கு நடை. டிபன் தின்னுட்டு நடக்குற மாதிரி, நாளெல்லாம் போவும். நீ இன்னா பண்ற? ரெண்டாவது கியர்ல இருபத்தஞ்சு. டாப்புல நாப்பத்தஞ்சு போனாலும் எஞ்சினு அதே சுத்துதான் சுத்தும். அப்போ காத்தாவது ரெண்டு பங்கு வந்து ரேடியேட்டர்ல மோதும். இப்போ உழைப்பு மட்டும் கீது, காத்து இல்ல. அடுப்பு எரியுது, ஜன்னலைச் சாத்தி வச்சிருக்க!"

"பிரேக்கு?"ன்னாரு டக்ளஸண்ணன்.

வேலு வாயைத் தொடச்சுகினான். "பிரேக்குல கொஞ்சம்... யோசிச்சுதான் நிக்கும். அவன் ஊரு ரோட்டுல குறுக்க யாரு வர்றா? நீ முன்னாடியே சொல்லி வச்சுடணும்."

அவ்ளோதான். டக்ளஸண்ணன் மேப்பை மடிச்சு வேலு கையிலயே குடுத்துட்டாரு. "நிக்காத வண்டியில அம்பது மைலா? உள்ள மூணு உசுரு கீது வேலு. பதினஞ்சு பேரை ஒரு தடவை தூக்கினேன். அந்தக் கதவைத் தெறந்தது இன்னும் கனவுல வருது எனக்கு."

இதுக்குள்ள பியாட்ரிஸ் அக்கா கல்லு மேல உக்காந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரிச்சு, யாரும் திங்காததால தானே ரெண்டைத் தின்னு, கையைக் கேன் தண்ணியில கழுவிச்சு. எழுந்து போயி வண்டியில முன் சீட்ல உக்காந்துச்சு. முந்தானையில எச்சியைத் தொட்டு, ஸ்பீடாமீட்டர் மேல இருந்த கோட்டை அழிச்சுது.

"ஏய் ஏய், இன்னா பண்ற?"

"சாக்பீஸைக் குடுங்க."

"பியாட்ரிஸ்..."

"குடுங்கன்றேன்ல."

வாங்கி, அம்பதுக்கு நேரா புதுசா ஒரு கோடு போட்டுச்சு. கொஞ்சம் கோணல். "வந்து உக்காருங்க. ஞானதாஸ் பொண்ணு நானு. எங்கப்பா அந்தக் கேஜ்ல மேல வந்தாரே, செத்தாரா? சாவுற வரைக்கும் அதையே பெருமையா பேசிகினு இருந்தாரு. 'இந்த மைன்ஸ்ல கல்லு வேகத்துல ஏறின ஒரே ஆளு நான்தான்'னு. பக்கத்துல அந்த பதினாலு பேரு உக்காந்திருந்தாலும் அப்டியேதான் சொல்லுவாரு. உங்களுக்குத்தான் அது கெட்ட கனவு. அவருக்கு அது தேரு."

டக்ளஸண்ணன் வந்து உக்காந்தாரு. சாவியைத் திருப்பினாரு. எஞ்சின் எழுந்துது. ஆனா காலு ஆக்ஸிலேட்டர்ல வைக்கவே இல்ல. காத்துகினு இருந்தாரு. எதுக்குன்னு வேலுவுக்குப் புரியல. அக்காவுக்குப் புரிஞ்சுது. இருபத்திரெண்டு வருஷம் பெல் வராம லீவரைத் தொடாதவரு.

அக்கா வெரலை மடக்கி டேஷ்போர்டு தகரத்துல ஒரே ஒரு தட்டு தட்டுச்சு. டிங்.

டக்ளஸண்ணன் திரும்பிப் பாத்தாரு. மூணு வரும்னு இன்னும் காதைத் தீட்டிகினு இருக்காரு.

"மூணு இல்ல. ஒண்ணுதான்"னுச்சு அக்கா. "நாங்க ஆளு இல்ல. கல்லு. தூக்குங்க."

"நானுமா?"ன்னான் பின்னாடி வேலு.

"நீ பொறந்ததுல இருந்தே கல்லுதாண்டா. வாயை மூடிகினு உக்காரு."

மொத கியரு. ரெண்டாவது. கம்பியைக் கீழ இழுத்தாரு, டாப். ஒப்பாரி நின்னுது. முப்பது, முப்பத்தஞ்சு. முன்னாடி மெட்ராஸ் ரோடு நேரா கெடந்துது, ரெண்டு பக்கமும் யூகலிப்டஸு. நாப்பது. நாப்பத்தஞ்சுல வண்டி கொரலு மாறிச்சு. அதட்டி அதட்டிப் பேசிகினு இருந்த மாமியாரு திடீர்னு "வாம்மா, உக்காரு"ன்னு சொன்ன மாதிரி. ஸ்டீயரிங் ஆட்டம் நின்னுது. பள்ளத்துல ஏறி எறங்குனா, குலுக்கல் இல்ல, தொட்டில். முள்ளு கோணக் கோட்டுகிட்ட போயி நின்னுது. காத்து பானட்டுக்குள்ள ஹோன்னு பூந்துது. டெம்பரேச்சர் முள்ளு ஒரு நூலு, ரெண்டு நூலு எறங்குச்சு.

"எறங்குது"ன்னான் வேலு, மெதுவா, புள்ளைக்குக் காய்ச்சல் எறங்குற மாதிரி.

"பேசாத!"ன்னாரு டக்ளஸண்ணன். முட்டை அட்டைக்காரனை அப்போதான் தாண்டுனாங்க. அக்கா ஜன்னல்ல கையை நீட்டி அவனுக்குத் திருப்பி ஒரு சலாம் வச்சுது.

ஹொஸகோட்டைக்கு முன்னாடி அது வந்துது. தூரத்துல, எடது பக்கக் காட்டுல இருந்து டிராக்டர் ஒண்ணு, பின்னாடி ட்ரெய்லர் நிறைய கேழ்வரகு மூட்டை, ரோட்டு மேல ஏறுது. டிரைவரு இந்தப் பக்கம் திரும்பிக்கூட பாக்கல. வேலு சீட்டைக் கெட்டியா புடிச்சுகினான். "பிரேக், மச்சான், பிரேக்!"

டக்ளஸண்ணன் காலு எப்பவோ எடுத்தாச்சு. வேலுவுக்கு டிராக்டர் தெரியறதுக்கு முன்னாடியே எடுத்தாச்சு. கேஜை நிறுத்துறவன் கடைசியில பிரேக் போட மாட்டான். ஷாஃப்ட் வாயி வர்றதுக்கு எவ்ளோவோ முன்னாடி லீவரை இழுக்க ஆரம்பிப்பான். கேஜு தானா களைச்சு, தானா வந்து வாசல்ல உக்காரணும். கம்பியை ரெண்டாவதுல தள்ளினாரு. எஞ்சின் ஊன்னு அழுது வேகத்தை முழுங்குச்சு. அப்பால பிரேக், கொஞ்சம் கொஞ்சமா. அது யோசிச்சு யோசிச்சு, ட்ரெய்லருக்கு ஒரு கட்டில் நீளம் முன்னாடி வந்து நின்னுது. சாயாம, குலுங்காம. அக்கா மடியில இருந்த இட்லிப் பொட்டலம் நகரக்கூட இல்ல.

டிராக்டர்காரன் இப்போதான் திரும்பிப் பாத்தான். "அப்பப்பா, என்ன காரு!"ன்னு வாயைப் பொளந்தான்.

டக்ளஸண்ணன் நெத்தியைத் தொடச்சாரு. கை நடுங்கல. அதை அவரே ஒரு தடவை பாத்துகினாரு. டிராக்டரு ஒதுங்குனதும் யாரும் தட்டறதுக்கு முன்னாடி அவரே டேஷ்போர்டுல ஒரு தட்டு தட்டிக்கினு கெளம்பினாரு.

கே.ஆர்.புரம் டிராஃபிக்ல வண்டி மறுபடியும் சூடாக ஆரம்பிச்சுது. டக்ளஸண்ணனும்தான். கடைசி கேன் தண்ணி அங்க போச்சு. மண்டபத்து வாசல்ல வந்து நிக்கிறப்போ பத்து இருபத்தெட்டு. உள்ள கெட்டிமேளம் நின்னு, பந்தி சத்தம் கேக்குது.

ராஜப்பா வேட்டியைத் தூக்கிக் கட்டிகினு ஓடி வந்தாரு. வண்டியைச் சுத்தினாரு. பானட் மேல கையை வச்சு எடுத்தாரு. கீழ குனிஞ்சு பாத்தாரு, எண்ணெய் ஒழுகுதான்னு. "லாரியில ஏத்தலியா?"

"கால்லயே ஓடி வந்துது சார்."

"கொஞ்சம் பிசி, சூடு. ஆனா சென்னாகிதே, நல்லா இருக்கு!" உள்ள தலையை உட்டவரு ஸ்பீடாமீட்டர் கண்ணாடியைப் பாத்துட்டாரு. "இது ஏனப்பா, சுண்ணாம்பு கோடு?"

டக்ளஸண்ணன் அக்காவைத் திரும்பிப் பாத்தாரு. பொய் சொல்ல வராது அவருக்கு. "கல்லு வேகம் சார்."

"கல்லா?"

"எங்க ஊரு கணக்கு சார்"னு அக்கா குறுக்க பூந்துச்சு. "அந்தக் கோட்டைத் தாண்ட மாட்டாரு. சத்தியம்."

ராஜப்பாவுக்கு என்ன புரிஞ்சுதோ, சிரிச்சாரு. "டீக் டீக். ஒண்ணாம் தேதியில இருந்து வா. மண்டபத்து பின்னாடி தங்கறதுக்கு ரூம் இருக்கு." வேலு பின் சீட்ல இருந்து ஒரு விசில் அடிச்சான். டக்ளஸண்ணன் தோளு ரெண்டும் மூணு மாசத்துக்கு அப்பால கீழ எறங்குச்சு.

தோளு எறங்கி ஒரு நிமிஷம்கூட ஆவல. ராஜப்பா திரும்பி நடந்தவரு நின்னு சொல்றாரு: "ஆங், அப்பறம், மொத ஞாயித்துக்கிழமை நம்ம அம்மாவைத் திருப்பதிக்குக் கூட்டிகினு போவணும். பேரன் பேத்தி எல்லாம். காலையில போயி சாயங்காலம் வந்துடணும். ஆச்சா?"

"எத்தினி ஆளு சார்?"

"ஆறு."

தோளு ரெண்டும் இருந்த எடத்துக்கே போச்சு. ராஜப்பா பந்தியைப் பாக்க உள்ள போயிட்டாரு. டக்ளஸண்ணன் கதவைத் தெறந்து மறுபடி சீட்ல உக்காந்தாரு. ஸ்பீடாமீட்டரையே பாத்துகினு இருந்தாரு. அப்பால கட்டைவெரலால அந்த அம்பதுக் கோட்டை அழிச்சாரு.

அக்கா ஜன்னல்ல வந்து நின்னுது. கையில சாக்பீஸ்.

"ஆறு ஆளு பியாட்ரிஸ். அதுல ஒண்ணு வயசான அம்மா. முப்பது."

"முப்பதுல போனா பெருமாளு நடை சாத்திடுவாரு. நாப்பத்தஞ்சு."

"முப்பத்தஞ்சு."

"சூடாவும். நாப்பத்தி மூணு."

"வயசான அம்மா!"

"நாப்பது. அதுக்குக் கீழ போனா நானே கூட வந்து பின்னாடி உக்காந்து தட்டுவேன்."

உள்ள இருந்து பொண்ணு மாப்ள மாலையோட வெளிய வந்துகினு இருந்தாங்க. டக்ளஸண்ணன் சாக்பீஸை வாங்கி, நாப்பதுக்கு நேரா ஒரு கோடு போட்டாரு. அக்கா மண்டபத்துக்குள்ள போனதும், யாரும் பாக்காத நேரமா, அதை ஒரு நூலு கீழ நகத்திப் போட்டாரு.